கயிற்றை அறுத்துக்கொண்டு குதித்த டைனி பிராட்விக்: இன்றைய ஸ்கை டைவிங்குக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ஸ்கை டைவிங் ரீல்ஸ் கண்ணில் படாமல் இன்று இன்ஸ்டாகிராமைக் கடப்பது கஷ்டம். 13,000 அடி உயரம், திறந்த விமானக் கதவு, காற்றில் கன்னம் அதிர அதிர ஒரு சிரிப்பு. ஆனால் அந்த வீடியோக்களில் பலரும் கவனிக்காத ஒரு பொருள் உண்டு. குதிப்பவரின் உடையிலோ வார்ப்பட்டையிலோ சின்ன உறைக்குள் செருகியிருக்கும், கொக்கி போல வளைந்த ஒரு குட்டிக் கத்தி. ஹூக் நைஃப் என்பார்கள். கயிறு எங்காவது சிக்கினால் அறுத்துவிட்டுத் தப்பிக்கத்தான் அது.

பெரும்பாலான ஸ்கை டைவர்கள் வாழ்நாள் முழுக்க அதை உறையிலிருந்து எடுக்கவே மாட்டார்கள். ஆனாலும் அது இல்லாமல் பலர் விமானம் ஏற மாட்டார்கள்.

நூறு வருடங்களுக்கு முன்பு கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில், ஓடும் விமானத்தின் வாலில் கயிறு சிக்கித் தொங்கிய ஒரு பெண்ணுக்கு இந்த நிலைமை நிஜமாகவே வந்தது. அப்போது அவருக்கு வயது 21. பெயர் டைனி பிராட்விக். எட்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு அம்மா.

யார் இந்த டைனி?

இயற்பெயர் ஜார்ஜியா ஆன் தாம்சன். 1893 ஏப்ரல் 8-ம் தேதி அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தார். பிறக்கும்போது எடை சுமார் 1.4 கிலோதான். அதனால் வந்த பெயர் ‘டைனி’, அதாவது பொடிசு. வளர்ந்த பிறகும் அந்தப் பெயருக்கு அவர் துரோகம் செய்யவில்லை. ஐந்தடி உயரத்தைத் தாண்டவில்லை, எடை 40 கிலோவைத் தொடவில்லை.

12 வயதில் கல்யாணம். 13 வயதில் கையில் ஒரு பெண் குழந்தை. கொஞ்ச நாளில் கணவனின் துணையும் இல்லை. அந்தக் காலத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களின் பஞ்சாலைகள் சிறுவர், சிறுமியர் உழைப்பில்தான் ஓடின. டைனியும் அதில் ஒருத்தி. விடிவதற்கு முன் உள்ளே போய், இருட்டிய பிறகு வெளியே வரும் வேலை. சம்பளம் சொற்பம். அங்கே படித்து முன்னேறுவது, வேறு வேலை தேடுவது எல்லாம் யோசித்துப் பார்க்கக்கூட முடியாத விஷயங்கள்.

இப்படி இருந்த பெண்ணின் ஊர்ப்பக்கம் ஒரு நாள் ஒரு கேளிக்கைக் கண்காட்சி வந்தது. நம்மூர்ப் பொருட்காட்சி மாதிரிதான்: ராட்டினம், தின்பண்டம், வித்தை காட்டுபவர்கள். அதில் முக்கிய ஐட்டம், சூடான புகை நிரப்பிய பலூனில் மேலே போய் பாராசூட்டில் குதிக்கும் ஒரு குழு. அதன் தலைவர் சார்லஸ் பிராட்விக்.

டைனி பார்த்தார். காட்சி முடிந்ததும் நேராக சார்லஸிடம் போய், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அவ்வளவுதான்.

குழந்தையை விட்டுவிட்டுப் போன அம்மா

டைனியைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக்கூடிய இடம் இல்லை இது.

குழந்தை பாட்டி வீட்டில் வளரும், டைனி சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்புவார் என்று ஏற்பாடு ஆனது. ஊர் ஊராகப் போகும் கூட்டத்தோடு ஒரு இளம்பெண் தனியாகச் சுற்றினால் அன்றைய சமூகம் என்ன பேசும்? அதைச் சமாளிக்க சார்லஸ் அவரைச் சட்டப்படி மகளாகத் தத்தெடுத்துக்கொண்டார். ஜார்ஜியா தாம்சன், டைனி பிராட்விக் ஆனது இப்படித்தான்.

இதில் ஒரு வேடிக்கை, ‘பிராட்விக்’ என்பதே சார்லஸின் மேடைப் பெயர். அவருடைய நிஜப் பெயர் ஜான் மர்ரே. சர்க்கஸ் உலகில் பெயரும் ஒரு காஸ்ட்யூம் மாதிரிதான்.

காஸ்ட்யூம் என்றதும் சொல்லியாக வேண்டும். டைனியின் பொடி உருவத்தைப் பார்த்து, அவரை ஒரு பொம்மைக் குழந்தையாக மாற்றிவிட்டார்கள். சுருக்கம் வைத்த கவுன், ரிப்பன், தலையில் குல்லா. போஸ்டரில் ‘பொம்மைப் பெண்’ என்ற பட்டம். ஒரு குழந்தைக்கே அம்மாவான பெண்ணைக் குழந்தை வேஷம் போட வைத்துக் கூட்டம் சேர்த்தார்கள். டைனிக்கு அந்த உடை துளியும் பிடிக்காது. ஆனால் டிக்கெட் விற்றது அந்த உடைக்குத்தான்.

1908-ம் ஆண்டின் கடைசி வாரத்தில் முதல் முறையாகக் குதித்தார். அப்போது அவருக்கு வயது 15.

புகை பலூன் என்ன அவ்வளவு ஆபத்தா?

இன்றைய ஹாட் ஏர் பலூனை மனதில் வைத்துக்கொண்டால் இது புரியாது. இன்றைய பலூனில் பர்னர் இருக்கும், கூடை இருக்கும், ஓட்டத் தெரிந்த பைலட் இருப்பார். டைனி போனது அப்படி இல்லை.

தரையில் ஒரு குழி வெட்டித் தீ மூட்டுவார்கள். அந்தச் சூடான புகையைத் துணிப் பலூனுக்குள் விடுவார்கள். பலூன் உப்ப உப்ப, அது பறந்துவிடாமல் ஒரு கூட்டமே கயிறுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சைகை கிடைத்ததும் எல்லோரும் கையை விடுவார்கள். பலூன் விர்ரென்று மேலே கிளம்பும். கூடை கிடையாது. பலூனுக்குக் கீழே ஒரு ஊஞ்சல் கட்டை தொங்கும். குதிப்பவர் அதில் உட்கார்ந்தோ தொங்கியோ போக வேண்டும். பலூனுக்குள் நெருப்பு கிடையாது என்பதால் சூடு குறையக் குறைய அது தானாகவே கீழே வர ஆரம்பித்துவிடும். அதற்குள் குதித்தாக வேண்டும்.

பாராசூட்? அதைப் பலூனோடு மெல்லிய கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். குதிப்பவரின் எடை இழுத்ததும் கயிறு அறுந்து பாராசூட் விரியும். விரிய வேண்டும். சார்லஸின் மனைவி மாட் பிராட்விக், 1905-ல் இப்படி ஒரு சாகசத்தில் விழுந்து இறந்தவர். டைனி சேர்ந்த குழு அந்த இழப்பை ஏற்கெனவே பார்த்த குழு.

விரிந்தாலும் எங்கே இறங்குவோம் என்பது காற்றின் கையில். இன்றைய செவ்வக பாராசூட்டை இரண்டு கைப்பிடிகளால் கிட்டத்தட்ட ஸ்கூட்டி மாதிரி திருப்பலாம். அன்றைய வட்டப் பாராசூட்டில் அந்த வசதி கிடையாது. காற்றாலையின் இறக்கையில் சிக்கியது, ரயில் பெட்டியின் கூரையில் வந்து இறங்கியது, சதுப்பு நிலத்தில் விழுந்தது என்று டைனியின் லேண்டிங் பட்டியல் ஒரு காமெடிப் படம் மாதிரி இருக்கும். எலும்பு முறிவும் மூட்டு விலகலும் அதே பட்டியலில் உண்டு. அதைப் படித்தால் சிரிப்பு வராது. அடிபட்டாலும் அடுத்த ஊரில் ஷோ உண்டு. குதித்தால்தான் காசு, காசு வந்தால்தான் ஊரில் குழந்தைக்குச் சாப்பாடு.

பையாக மாறிய பாராசூட்

அன்றைய பாராசூட்டின் அடிப்படைப் பிரச்னை ஒன்றுதான். அது குதிப்பவரோடு இல்லை, பலூனோடு இருந்தது. பலூனில் ஏதாவது கோளாறு என்றால் பாராசூட்டும் சேர்ந்து போய்விடும்.

சார்லஸ் இதற்கு ஒரு வழி செய்தார். பட்டுத் துணிப் பாராசூட்டை மடித்து ஒரு பையில் அடைத்து, அந்தப் பையை கோட் மாதிரி அணியக்கூடிய வார்ப்பட்டை அமைப்போடு சேர்த்துத் தைத்தார். ‘கோட் பேக்’ என்று பெயர். பையின் மூடியிலிருந்து ஒரு கயிறு கிளம்பும். அதன் மறுமுனை பலூனிலோ விமானத்திலோ கட்டப்பட்டிருக்கும். குதித்ததும் கயிறு விறைத்து, மூடியைப் பிய்த்து, பாராசூட்டை வெளியே இழுக்கும். இதற்குப் பெயர் ஸ்டேட்டிக் லைன். ராணுவ பாராசூட் வீரர்கள் இன்றைக்கும் பெரும்பாலும் இதே தத்துவத்தில்தான் குதிக்கிறார்கள்.

இன்று ஸ்கை டைவர்கள் முதுகில் மாட்டும் ‘ரிக்’ இருக்கிறதே, அதன் பூட்டன் இந்த கோட் பேக் என்று சொல்லலாம்.

இந்தக் கருவிகளை உயிரைப் பணயம் வைத்து டெஸ்ட் செய்தவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் டைனிதான். 1913 ஜூன் 21-ம் தேதி, லாஸ் ஏஞ்சலஸில், கிளென் மார்ட்டின் ஓட்டிய விமானத்திலிருந்து சுமார் 2,000 அடி உயரத்தில் குதித்தார். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த முதல் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. விமானத்துக்குள் உட்காரக்கூட இடம் இல்லை. இறக்கைக்குப் பின்னால், வெளியே மாட்டிய ஒரு சின்ன இருக்கை. பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதைத் தட்டினால் இருக்கை கீழே மடங்கும், ஆள் விழுவார். மார்ட்டின் பின்னாளில் பெரிய விமான நிறுவனம் நடத்தியவர். இன்றைய லாக்ஹீட் மார்ட்டின் பெயரில் இருக்கும் அதே மார்ட்டின்.

1914: அந்த நாலாவது குதிப்பு

அடுத்த ஆண்டு, அமெரிக்க ராணுவத்துக்குக் கோட் பேக்கைச் செய்து காட்ட டைனி சான் டியாகோவின் நார்த் ஐலண்டுக்குப் போனார். ராணுவ விமானிகள் அந்தச் சமயத்தில் பாராசூட்டே இல்லாமல் பறந்துகொண்டிருந்தார்கள்.

பரவலாகச் சொல்லப்படும் கதை இதுதான். முதல் மூன்று குதிப்புகள் சரியாகப் போயின. நாலாவதில் ஸ்டேட்டிக் லைன் விமானத்தின் வால் பகுதியில் சுற்றிக்கொண்டது. காற்றில் அடிபட்டுக்கொண்டு வாலுக்குப் பின்னால் தொங்கினார் டைனி. மேலே ஏறி வர வழியில்லை. விமானம் அப்படியே தரையிறங்கினால் அவர் கதை முடிந்தது. கயிற்றை அறுத்தார், ஆனால் முழுசாக அறுக்காமல் ஒரு துண்டை மிச்சம் வைத்துக்கொண்டார். கீழே விழுந்தபடியே அந்தத் துண்டைக் கையால் இழுத்து பாராசூட்டை விரித்தார்.

இது ஏன் பெரிய விஷயம்? ஏனென்றால் உயரத்திலிருந்து சும்மா விழும் மனிதன் மயங்கிவிடுவான், கையைக்கூட அசைக்க முடியாது என்று அன்று நிறையப் பேர் நம்பினார்கள். அதனால்தான் பாராசூட்டைத் திறக்கும் வேலையை மனிதனிடம் விடாமல் கயிற்றிடம் விட்டிருந்தார்கள். டைனி சில விநாடிகள் விழுந்தார், சுய நினைவோடு இருந்தார், கையால் இழுத்தார், உயிரோடு இறங்கினார். விமானத்தோடு கட்டிப்போடாமலேயே பாராசூட் வேலை செய்யும் என்றால், சுழன்று விழும் விமானத்திலிருந்துகூட விமானி தப்பிக்கலாம்.

‘முதல் ஃப்ரீ ஃபால்’ என்ற பட்டத்தை டைனிக்குக் கொடுக்கலாமா என்பதில் ஏவியேஷன் வரலாற்று ஆர்வலர்களிடையே இன்றும் சண்டை உண்டு. பதிவேடுகளில் அந்தப் பெருமை பெரும்பாலும் லெஸ்லி இர்வினுக்குப் போகிறது. அவர் 1919 ஏப்ரல் 28-ம் தேதி, ஓஹையோவின் மெக்குக் ஃபீல்டில், கையால் இழுக்கும் ரிப்கார்ட் கொண்ட பாராசூட்டை முன்கூட்டியே திட்டமிட்டுச் சோதித்தார். இறங்கும்போது கணுக்கால் உடைந்தது, ஆனால் சோதனை வெற்றி. அந்த பாராசூட்டை வடிவமைத்த ஃப்ளாய்ட் ஸ்மித்தும் கலிஃபோர்னியாவின் அதே சாகச வட்டாரத்திலிருந்து வந்தவர்தான். அவர் மனைவி ஹில்டரும் 1914-ல் லாஸ் ஏஞ்சலஸில் விமானத்திலிருந்து குதித்தவர்.

யார் முதல் என்பதைவிட, ராணுவம் அன்று அதைப் பார்த்துவிட்டு என்ன செய்தது என்ற கேள்விதான் உறுத்துகிறது. பெரிதாக எதுவும் செய்யவில்லை. முதல் உலகப் போர் முழுக்க அமெரிக்க, பிரிட்டிஷ் போர் விமானிகள் பாராசூட் இல்லாமலேயே பறந்தார்கள். கண்காணிப்பு பலூனில் இருந்தவர்களுக்குப் பாராசூட் கிடைத்தது. ஜெர்மன் விமானிகளுக்கும் 1918-ல் கிடைத்தது. எரியும் விமானத்தில் மாட்டிக்கொண்ட இவர்களுக்கு மட்டும் இல்லை. கனம், இடப் பற்றாக்குறை, பாராசூட் இருந்தால் விமானி சண்டை போடாமல் குதித்துவிடுவான் என்ற சந்தேகம் என்று காரணங்கள் சொன்னார்கள். சந்தைத் திடலில் ரிப்பன் கட்டிய ஒரு பெண் ஊருக்கு ஊர் செய்துகொண்டிருந்த காரியம் அது.

தப்பான கொக்கியை இழுத்த விமானி

1922 அக்டோபர் 20. மெக்குக் ஃபீல்டில் ஹரால்ட் ஹாரிஸ் என்ற சோதனை விமானி ஓட்டிய விமானம் நடுவானில் குலுங்கிச் சிதற ஆரம்பித்தது. குதித்தார். ரிப்கார்டை இழுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தார். மறுபடியும். அவர் இழுத்துக்கொண்டிருந்தது ரிப்கார்டை அல்ல, கால் வாரின் கொக்கியை! கடைசியில் சரியான கைப்பிடி கைக்குக் கிடைத்து, டேட்டன் நகரில் ஒரு வீட்டுக் கொல்லையில் திராட்சைப் பந்தல் மேல் வந்து விழுந்தார். இப்படி அவசரத்தில் பாராசூட்டால் உயிர் தப்பியவர்களுக்காக ‘கேட்டர்பில்லர் கிளப்’ என்று ஒன்று உருவானது. பட்டுப்புழுவின் நூலில் தொங்கி உயிர் பிழைத்தவர்கள் என்று அர்த்தம். உறுப்பினர்களுக்குப் புழு வடிவில் ஒரு சின்னத் தங்க பின் கொடுத்தார்கள்.

ஹாரிஸ் செய்த தப்பு இன்றைய டிராப் ஸோன்களில் எங்கே உயிரோடு இருக்கிறது தெரியுமா? விமானத்தில் ஏறும் முன்பும் குதிக்கும் முன்பும் ஸ்கை டைவர்கள் தங்கள் கைப்பிடிகளை வரிசையாகத் தொட்டுப் பார்ப்பார்கள். மெயின், கட் அவே, ரிசர்வ். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ சாமி கும்பிடுவது மாதிரி இருக்கும். பதற்றத்தில் மூளை வேலை செய்யாது, பழகிய கை மட்டும்தான் வேலை செய்யும் என்ற பாடம் அது. பக்கத்தில் இருப்பவரிடம் முதுகைக் காட்டி, பின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதும் வழக்கம். 5,000 குதிப்பு முடித்தவரும், 30-வது குதிப்புக்கு வந்தவரிடம் முதுகைக் காட்டுவார். அங்கே ஈகோ பார்ப்பதில்லை.

ரிசர்வ் பாராசூட் கதையும் இப்படித்தான். மெயின் பாராசூட்டை நீங்களே மடித்துக்கொள்ளலாம். ரிசர்வை மட்டும் உரிமம் பெற்ற ரிக்கர்தான் மடிக்க வேண்டும். அமெரிக்காவில் அதற்கு 180 நாள் கெடு. பயன்படுத்தாவிட்டாலும் பிரித்து, சோதித்து, மறுபடி மடித்தாக வேண்டும். மயங்கிவிட்டாலும் குறிப்பிட்ட உயரத்தில் தானாகவே ரிசர்வைத் திறக்கும் குட்டிக் கம்ப்யூட்டரும் 1990-களிலிருந்து பரவலானது. இதன் விளைவு எண்களில் தெரிகிறது: அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி 2023-ல் அந்த நாட்டில் சுமார் 36.5 லட்சம் குதிப்புகள், 10 மரணங்கள். பத்து என்பதும் பத்துக் குடும்பங்கள்தான். ஆனால் 1970-களில் இதைவிடக் குறைவாகக் குதித்த காலத்திலேயே வருடத்துக்கு 40 பேர் அளவில் இறந்துகொண்டிருந்தார்கள்.

டைனிக்கு ரிசர்வ் கிடையாது, ரிக்கர் கிடையாது, 180 நாள் கெடு கிடையாது. சார்லஸின் தையலும் தன் நிதானமும் மட்டும்தான்.

கால்கள் சொன்ன பதில்

ஹாரிஸ் திராட்சைப் பந்தலில் விழுந்த அதே 1922-ல்தான் டைனி குதிப்பதை நிறுத்தினார். வயது 29. கணக்கில் 1,100-க்கும் மேற்பட்ட குதிப்புகள். வட்டப் பாராசூட் தரையைத் தொடும் வேகம் சும்மா இல்லை. இத்தனை வருடம் அடி வாங்கிய கணுக்கால்கள் இனி முடியாது என்றுவிட்டன. நடுவில் இரண்டு கல்யாணங்கள் நடந்தன, இரண்டும் நிலைக்கவில்லை.

அதன் பிறகு அவர் வாழ்க்கையில் கூட்டமும் இல்லை, போஸ்டரும் இல்லை. தொழிற்சாலை வேலை பார்த்தார், வயதானவர்களின் வீட்டில் தங்கி அவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையும் பார்த்தார். பஞ்சாலையிலிருந்து தப்பித்து வானத்துக்குப் போனவர், கடைசியில் மறுபடி கூலி வேலைக்குத்தான் வந்தார். அவர் சோதித்துக் காட்டிய தொழில்நுட்பத்தில் கம்பெனிகள் முளைத்தன, காப்புரிமைகள் பதிவாயின. அவற்றில் டைனியின் பெயர் இல்லை.

பாராட்டு வந்தது, லேட்டாக. 1950-களுக்குப் பிறகு, ஸ்கை டைவிங் ஒரு பொழுதுபோக்கு விளையாட்டாக வளர ஆரம்பித்த நேரத்தில், இதையெல்லாம் ஆரம்பித்து வைத்த பாட்டி ஒருவர் கலிஃபோர்னியாவில் இருக்கிறார் என்று ஆட்கள் தேடிப் போனார்கள். விருதுகள் கிடைத்தன. 1964-ல் சார்லஸ் கையால் செய்த தன் பட்டுப் பாராசூட்டை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஃபோர்ட் பிராகில் இளம் பாராசூட் வீரர்கள் அவரைச் சந்தித்தார்கள். ஆறடி ஆட்கள் நடுவே ஐந்தடிகூட இல்லாத ஒரு கிழவி.

ஸ்கை டைவர்களிடம் ஒரு விநோதப் பழக்கம் உண்டு. யாராவது எதையாவது முதல் முறையாகச் செய்தால், அன்று சாயங்காலம் எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். முதல் குதிப்பு, முதல் நைட் ஜம்ப், முதல் கட் அவே என்று எதுவும் கணக்கு. இந்தக் கணக்கை டைனிக்குப் போட்டால் அவர் சம்பாதித்ததெல்லாம் பீருக்கே போயிருக்கும்!

1978-ல், 85 வயதில், கலிஃபோர்னியாவில் இறந்தார். உடலை வட கரோலினாவுக்குக் கொண்டுவந்து ஹெண்டர்சன் நகரில் அடக்கம் செய்தார்கள். சவப்பெட்டியைச் சுமந்தவர்கள், அமெரிக்க ராணுவத்தின் பாராசூட் சாகசக் குழுவான ‘கோல்டன் நைட்ஸ்’ வீரர்கள்.